பின்வாசலில் வந்தவள்

அபந்தோனோ. இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால், அவன் வாயில் கொதிக்கிற சூப்பை ஊற்றுவேன்.

ஸ்பானிஷில் கைவிடப்பட்டது என்று அர்த்தம். எங்கள் வமாங்கா ஊரில் கூரை இடிந்து விழுந்த வீட்டுக்கு அதைச் சொல்வார்கள். தெருவில் திரியும் சொறிநாய்க்குச் சொல்வார்கள். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஆளில்லாமல் போன ஊர்களுக்கு அரசாங்கக் காகிதத்தில் அதைத்தான் எழுதினார்கள். மலைமேல் உருளைக்கிழங்கு நிலத்தை ஆறேழு வருஷம் சும்மா போட்டு வைப்பார்கள், மண் தூங்கி எழுந்திருக்கட்டும் என்று. அதையும் ஓர் அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டு இதே வார்த்தையை எழுதிக்கொண்டு போனார். எல்லாம் போகட்டும். ஆனால் எமெதேரியாவின் மகளுக்கும் அதையே எழுதினார்கள். அது பொய். பொய் என்று தெரிந்தவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

என் பெயர் தேயோஃபிலா. குழந்தைகள் இல்லத்தில் பதினோரு வருஷமாகச் சமையல்காரி. நாற்பது பிள்ளைகள், இரண்டு அடுப்பு, ஒரே ஆள். அங்கே இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அனாதைகளே இல்லை. மலைமேல் குளிர் தாங்காத பிள்ளை, பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ப் பிள்ளை, அப்பன் சிறையில் இருக்கிற பிள்ளை என்று கொண்டுவந்து விடுவார்கள். கொஞ்சம் வளரட்டும், அப்புறம் அழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. சித்தி வீட்டில் விடுவதுபோல நினைத்துக்கொண்டு விடுவார்கள். காகிதத்தில் கட்டைவிரலை அழுத்துவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வாசித்துக் காட்டவும் ஆள் கிடையாது.

எமெதேரியா அப்படித்தான் வந்தாள். மலைமேல் யாரோ ஒருவருடைய ஆட்டுமந்தையை மேய்க்கிறவள். பிள்ளையின் அப்பன், எலிதா வயிற்றில் இருக்கும்போதே, காப்பிக்கொட்டை பறிக்கக் காட்டுப்பக்கம் போனவன்தான். திரும்பி வரவே இல்லை. அந்த ஆளுக்கு எந்த நீதிபதியும் எந்தக் காகிதமும் எழுதவில்லை, கவனியுங்கள். எலிதாவுக்கு மூன்று வயசில் நெஞ்சுச் சளி. குடிசையில் படுத்தால் மூச்சு இழுக்கிறது. மருத்துவமனையில் சொன்னார்களாம், கீழே வைத்திருந்தால் பிழைக்கும் என்று. அதனால்தான் விட்டாள்.

விட்ட பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, முன்வாசலில் வந்து நின்றாள். முதுகுத்துணியில் அரை மூட்டை உருளைக்கிழங்கு, துணிக்குள் ஒரு வட்டப் பாலாடைக்கட்டி. வாசல்காரன் லூசியோ அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“பாக்குற நேரம் சாயங்காலம் மூணுலேர்ந்து அஞ்சு. மூட்டைய எல்லாம் இங்க எறக்காத, தரை இப்பத்தான் கழுவிருக்கு. கெழங்கு குடுக்கணும்னா சந்துப்பக்கம் போ, அடுப்படிக் கதவு இருக்கும்.”

அவள் ஊருக்குப் போகிற லாரி சந்தையிலிருந்து ஒரு மணிக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்த வியாழன். மூன்று மணிக்கு அவள் எப்படி வருவாள்? சந்துப்பக்கமாகச் சுற்றி வந்து என் கதவைத் தட்டினாள். எங்கள் மலை ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். செத்தாலும் மாட்டார்கள். கையில் விளைச்சல் இருந்தால் அது போகிற வழி அடுப்படி வழிதான். அடுப்பைக் கண்டவர்கள் வீட்டைக் கண்டவர்கள். அதனால் லூசியோ தன்னைத் துரத்தியதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. சரியான வழியைக் காட்டினான் என்றுதான் நினைத்தாள்.

“சின்னம்மா, கெழங்கு கொண்டாந்தேன். புள்ளைங்களுக்கு வேகவெச்சுக் குடுங்க. எம் பொண்ண ஒரு தடவ பாத்துக்கலாமா?” என்று எங்கள் மலைமொழியான கெச்சுவாவில் கேட்டாள். ஸ்பானிஷ் அவளுக்கு வராது.

அடுப்படிக்குள் வெளியாள் வரக்கூடாது என்று இல்லத்தில் சட்டம். கதவுக்குப் பின்னால் எழுதியே ஒட்டியிருந்தார்கள். நான் அந்தத் தாளின் மேல் என் ஏப்ரனைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனேன். அவரைக்காய் உரிக்க ஒரு பிள்ளை வேண்டும் என்று சொல்லி எலிதாவைக் கூட்டிவந்தேன்.

அன்றிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, தப்பாமல் வந்தாள். ஒன்றே முக்கால் வருஷம். பத்து மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்கும். எலிதா அதற்கு முன்னாலேயே வந்து விறகுப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பாள். தாயும் மகளும் சோளத்தை உதிர்த்துக்கொண்டே பேசுவார்கள். எந்த ஆடு குட்டி போட்டது, எந்த ஆட்டை நரி தூக்கியது, கறுப்பு நாய்க்கு ஒரு கண் போய்விட்டது. பிள்ளை ஒவ்வொரு ஆட்டின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பன்னிரண்டரைக்கு எமெதேரியா எழுந்திருப்பாள். பிள்ளை அழாது. “அடுத்த கெழங்கு எப்பம்மா?” என்று மட்டும் கேட்கும். “தலைய ரெண்டு தடவ பின்னிவிட்டா வந்துருவேன்” என்பாள் இவள்.

அந்தத் தலைமுடி. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பிள்ளையின் முதல் முடியை எவரும் கண்டபடி வெட்டக்கூடாது. ஞானத்தாய் ஒருத்தி வந்து, முதல் கொத்தை வெட்டி, கையால் ஏதாவது கொடுத்து, அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்க வேண்டும். எலிதாவுக்கு அது நடக்கவே இல்லை. முடி வெட்டப்படாமலே நீண்டு கிடந்தது. ஒரு நாள் இல்லத்தில் பேன் பரவிற்று. திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் மொட்டை என்றார்கள். நல்லவேளையாக அதற்கு முந்தின நாள் அவள் வருகிற ஞாயிறு. கேட்டதும் எமெதேரியாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“எவனோ மெஷின வெச்சு மொத முடிய எடுக்கிறதா? அய்யோ, என் புள்ளைக்கு யாருமே இல்லேன்னு ஆயிருமே. நீயே வெட்டு. இப்பவே வெட்டு.”

“நானா? எங்கிட்ட குடுக்க என்ன இருக்கு?”

“ஒங்கிட்ட அடுப்பு இருக்கு. போதும்.”

கோழி வெட்டுகிற கத்தரியைக் கழுவி எடுத்தேன். முதல் கொத்தை நான் வெட்டினேன், இரண்டாவதை அவள். என் நீல எனாமல் கோப்பையைப் பிள்ளைக்குக் கொடுத்தேன். எமெதேரியா தொப்பியைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். “இனிமே நீ எனக்குக் கொமாத்ரே” என்றாள். பிள்ளைக்கு இரண்டு தாய், ஆகவே நாங்கள் ஒருத்திக்கு ஒருத்தி கொமாத்ரே. ரத்த உறவைவிடப் பெரிய உறவு அது. ஒரு கொமாத்ரே கேட்டு இன்னொருத்தி இல்லை என்று சொல்லக்கூடாது. அந்த முடியை ஒரு துணியில் முடிந்து என்னிடம்தான் கொடுத்து வைத்தாள்.

இப்போது என் அசிங்கத்தைச் சொல்கிறேன். உருளைக்கிழங்கு பிள்ளைகளின் பானைக்குத்தான் போயிற்று. ஆனால் பாலாடைக்கட்டி? முதல் தடவை பிள்ளைகளுக்குத்தான் கொடுத்தேன், அடித்துச் சொல்கிறேன். நாற்பது பேருக்கு ஆளுக்கு ஒரு விரல் நகம் அளவுகூட வரவில்லை. இரண்டாவது தடவை, இதை எதற்கு வீணாக்குவது என்று தோன்றிற்று. என் மகள் வீட்டில் நான்கு வாய். சால்வைக்குள் வைத்துக்கொண்டு போனேன். பிறகு அதுவே பழகிவிட்டது. எமெதேரியா ஒவ்வொரு தடவையும் கேட்பாள், “புள்ளைங்களுக்குப் புடிச்சுதா கொமாத்ரே?” “நக்கித் தின்னுதுங்க” என்பேன். இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசவில்லை.

ஒரு புதன்கிழமை இவோன் மிஸ் அடுப்படிக்கு வந்தாள். கோப்புகளைப் பார்க்கிற பெண், தலைநகரில் படித்தவள், கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். கையில் முன்வாசல் வருகைப் பதிவேடு.

“தேயோஃபிலா, நீங்கதான் இங்க ரொம்ப நாளா இருக்கீங்க. இந்த எலிதா வமானி இருக்கால்ல, அவளப் பாக்க யாராச்சும் வந்திருக்காங்களா? பதிவேட்டுல ஒரு கையெழுத்துகூட இல்ல. ஒன்றரை வருஷத்துக்கு மேலாச்சு.”

என் பின்னாலேயே எமெதேரியாவின் கிழங்குச் சாக்கு இருந்தது. ஒட்டியிருந்த சட்டத் தாளின் மேல் என் ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தாள் என்று சொன்னால், எந்த வழியாக வந்தாள் என்று கேட்பார்கள். யார் உள்ளே விட்டது என்று கேட்பார்கள். என்ன கொண்டுவந்தாள், அது எங்கே போயிற்று என்று கேட்பார்கள்.

“நான் அடுப்படியில கெடக்கிறவ மிஸ். முன்வாசல்ல யார் வர்றா யார் போறான்னு எனக்கென்ன தெரியும்?”

“அதானே” என்று எழுதிக்கொண்டு போனாள்.

அதனால் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு எமெதேரியாவிடம் சொல்லி, முன்வாசலில் ஒரு ரேகை வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மலைச்சரிவு இறங்கி, மேலே போகிற பாதையை இரண்டு இடத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு ஞாயிறு லாரி வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை, மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. எலிதா விறகுப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். “ரோட்டப் போட்டுட்டு வருவாங்கம்மா கண்ணு” என்றேன். “அம்மா ஆட்டு மேல ஏறி வரலாமே” என்றாள் பிள்ளை.

தோல் உரித்துப் போட அலுவலகத்திலிருந்து எனக்குப் பழைய செய்தித்தாள் வரும். ஒரு நாள் கிழங்குத் தோலுக்கு அடியில் எலிதாவின் பெயரைப் பார்த்தேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். எலிதா வமானி, ஐந்து வயது, ஒழுக்க வகையிலும் பொருள் வகையிலும் கைவிடப்பட்ட நிலை என்று அறிவிக்கப்பட இருக்கிறாள், உரிமையுள்ளவர்கள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அந்தத் தாயின் கிழங்குத் தோல் என் கையில் ஒட்டியிருந்தது. அவள் பெற்ற பெண்ணுக்குப் பொருள் வகையில் ஆளில்லை என்று அச்சடித்திருந்தார்கள்.

நீதிமன்றம் எங்கள் தெருவிலிருந்து ஐந்து சந்து தள்ளி. ஏப்ரனைக் கழற்றாமலே போய்விட்டு அடுப்பு அணைவதற்குள் வந்துவிடலாம். நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றேன். பாதை சரியாகட்டும், அவளே வந்து பேசட்டும் என்றேன். அந்தத் தாளைத் தோலோடு சுருட்டிக் குப்பையில் போட்டேன். என்ன பெண் நான், சொல்லுங்கள். தெருவில் ஒருவன் பிள்ளையை அடித்தால் கல்லை எடுத்துக்கொண்டு ஓடுகிறவள்தான் நான்.

தீர்ப்பு வந்தது. தத்தெடுக்க ஆட்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள் போலிருக்கிறது. இத்தாலியிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும், இருவருக்கும் நரைத்த முடி, கண்ணில் நீர். அவர்களையும் குறை சொல்ல முடியாது. தாய் இல்லாத பிள்ளை என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சிவப்புக் கோட்டு ஒன்று வாங்கி எலிதாவுக்குப் போட்டுவிட்டார்கள். போகிற நேரத்தில் பிள்ளை அவர்கள் கையை உதறிவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்தது. விறகுப்பெட்டியைப் பார்த்தது. கதவைத் திறந்து சந்துப்பக்கம் பார்த்தது.

“ஞானம்மா, அம்மா வந்தா நான் சீக்கிரம் வந்துருவேன்னு சொல்லு. கோப்பைய எடுத்துட்டுப் போறேன்.”

“சொல்றேன் தங்கம்” என்றேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு பாதை திறந்துவிட்டது.

பத்து மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு மடங்கு மூட்டை, இரண்டு பாலாடைக்கட்டி. வராத ஞாயிறுகளுக்கும் சேர்த்து. “எங்க கொமாத்ரே அவ? இன்னும் எந்திரிக்கலையா?” என்று சிரித்துக்கொண்டே விறகுப்பெட்டியைப் பார்த்தாள். “ஆபீஸ்ல கேளு” என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இல்லத்தின் முன்பக்கத்தை அவள் பார்ப்பது அது மூன்றாம் தடவை.

இயக்குநர் அம்மாவுக்குக் கெச்சுவா தெரியாது. “தேயோஃபிலா, நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்க” என்றார். வேறு யாரும் கிடைக்கவில்லையா கடவுளே? தீர்ப்பை எடுத்து வாசித்தார். நான் சொன்னேன். அந்த வார்த்தை வந்த இடத்தில் நின்றுவிட்டேன். நிலத்தைச் சும்மா விட்டு வைப்பதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு. குப்பையைத் தூக்கி எறிவதற்கு ஒரு சொல் உண்டு. எதைச் சொல்வது? இரண்டாவதைத்தான் சொன்னேன். நீதிபதி நினைத்தது அதைத்தானே.

“எறிஞ்சுட்டேனா?” என்றாள் எமெதேரியா. கோபமே இல்லை. தப்பான ஆளிடம் பேசுகிறார்களோ என்று சந்தேகப்பட்டவள்போலக் கேட்டாள். “யாரு, நானா? என் புள்ளையவா?”

“ஒரு தடவகூட ஏன் வந்து பாக்கலைன்னு கேளுங்க” என்றார் இயக்குநர் அம்மா.

கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன். எமெதேரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு, பெரிய இடத்தில் கேட்கிறார்கள், ஞானத்தாய்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்போல. முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சொல்லு கொமாத்ரே. எத்தன தடவ வந்தேன்னு நீ சொல்லு.”

“என்ன சொல்றாங்க?” என்றார் இயக்குநர் அம்மா.

மேசைமேல் கண்ணாடித் தட்டு. சுவரில் நற்கருணைப் படம். என் கையில் அவளுடைய கை, பனியில் வெடித்த கை. நான் சொன்னேன்:

“ரொம்ப தூரம்ங்கிறா, அம்மா.”

எமெதேரியாவுக்கு ஸ்பானிஷ் வராது என்று முன்பே சொன்னேன். தூரம் என்ற சொல் மட்டும் லாரிக்காரர்கள் வாயில் கேட்டுக் கேட்டுத் தெரியும். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே போனாள். மூட்டையும் பாலாடைக்கட்டியும் என் அடுப்படியில் கிடந்தன.

நான்கு நாள் வேலையைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் நீதிமன்றத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டான்.

“நீங்க அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்?”

“மொத முடி வெட்டின ஞானத்தாய்.”

“அதுக்குக் காகிதம் இருக்கா?”

அந்த முடியைக் கட்டி வைத்திருந்த துணியை எடுத்து மேசைமேல் வைத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு விரலை மேசையில் துடைத்துக்கொண்டான். “ஆட்சேபம் சொல்ற நாள் முடிஞ்சு போச்சும்மா. முன்னாடியே வந்திருக்கலாமே” என்றான். அது எனக்குத் தெரியாதா?

இயக்குநர் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். சந்துக் கதவு, ஏப்ரன், பாலாடைக்கட்டி, ஒன்று விடாமல். வேலையை விட்டுத் துரத்துவார், திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இனிமே இத யார்கிட்டயும் சொல்லாதீங்க தேயோஃபிலா. அந்தப் பொண்ணு நல்ல எடத்துல இருக்கா. எல்லாருக்கும் கஷ்டம்தான். போங்க, நாளைக்கு அவரைக்கொட்டை ஊற வெச்சாச்சா?”

அவ்வளவுதான். எதற்குப் பயந்து ஒரு பிள்ளையை விட்டுக்கொடுத்தேனோ அது நடக்கவே இல்லை. அந்த வேலை இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு. பத்து மணிக்கு விறகுப்பெட்டிமேல் நானே உட்கார்ந்து காத்திருந்தேன். யாரும் தட்டவில்லை. மூன்று மணிக்கு முன்பக்கம் லூசியோவின் குரல் கேட்டது.

“யாரப் பாக்கணும்?”

“எலிதா வமானி.”

ஓடிப் போய்ப் பார்த்தேன். எமெதேரியா. லாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வியாழன்வரை சந்தையில்தான் படுக்க வேண்டும், ஆடுகளை யாரிடம் விட்டாளோ. முதுகில் மூட்டை இல்லை, கையில் துணி இல்லை. மலை ஜனம் ஒருத்தி வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். லூசியோ என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். அவன் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அவள் மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தோய்த்து, காட்டின இடத்தில் அழுத்தினாள். மற்றத் தாய்மார்களோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பிள்ளையாக வந்து ஒவ்வொரு மடியில் ஏறிற்று. ஐந்து மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

அப்படியே இப்போதும் வருகிறாள். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, மூன்று மணிக்கு, முன்வாசலில். ரேகை வைக்கிறாள், உட்காருகிறாள், போகிறாள். இரண்டு வருஷமாயிற்று. பதிவேட்டில் அவளைவிட ஒழுங்காக வந்த தாய் கிடையாது என்று இவோன் மிஸ்ஸே ஒரு நாள் சொல்லி, சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல சூப்பாக ஒரு கிண்ணம், சோளமும் இறைச்சியும் போட்டு, கொண்டுபோய் அவள் முன்னால் நீட்டினேன். எங்களிடம் நீட்டிய சாப்பாட்டை எந்த எதிரியும் மறுக்கமாட்டான்.

“குடி கொமாத்ரே” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை, மரியாதையான பார்வை.

“வேண்டாங்க அம்மா” என்றாள். “நீங்க சாப்பிடுங்க. நான் எம் பொண்ணப் பாக்க வந்தேன்.”